கை எட்டாத தூரம்

நான் சொல்லப்போகும் இந்தக் கதையில் ஒரு புள்ளிகூடப் பொய் கிடையாது. யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்யத் தயார். என் தலை மட்டும் வேண்டாம். அது வழுக்கை, சத்தியம் அதில் நிற்பதில்லை. முப்பத்தாறு வருடம் பேருந்துப் பணிமனையின் வாசலில் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதியவன் நான். ஒரு நிமிடத்தைக்கூடக் கூட்டி எழுதியதில்லை. அப்படிப்பட்டவன் கதையிலா கூட்டுவேன்?

என் மனைவியின் தம்பியை எல்லோரும் புயல் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் பணிமனையில் ஏழாம் எண் பேருந்தை ஓட்டுபவன். கெட்டவன் இல்லை. வீட்டில் எறும்பு குறுக்கே வந்தால் அது போகும்வரை நின்று வழிவிடுவான். ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் ஆள் மாறிவிடுவான். அவன் வேகத்துக்கு அவன் வண்டியின் நிழலால் ஈடுகொடுக்க முடியாது. வண்டி உள்ளே வந்து நின்று, அவன் இறங்கிக் கைகால் கழுவி, டீ குடித்து முடிக்கிற நேரத்தில்தான் நிழல் மூச்சிரைக்க வாசலில் நுழையும். இரண்டில் எதை வந்த நேரமாக எழுதுவது என்று எனக்கு ரொம்ப நாள் குழப்பம். கடைசியில் வண்டியின் நேரத்தையே எழுதினேன். நிழல் புகார் செய்யவில்லை.

வேகத்தைக்கூட மன்னிக்கலாம். முன்னால் போகும் வண்டியை ஒட்டிக்கொண்டு போவான் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியாது. முன்னால் போகும் பேருந்தின் கடைசி இருக்கையில் ஒருவர் பத்திரிகை படித்துக்கொண்டு போனால், இவனும் அதே பத்திரிகையைப் படித்துக்கொண்டு போவான். அவர் பக்கத்தைத் திருப்பத் தாமதித்தால் ஹாரன் அடிப்பான். அந்த மனிதர் நல்லவர். போகப்போக விளையாட்டுப் பக்கத்தை இவன் பக்கமாகத் திருப்பிப் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஏழாம் எண் வண்டியின் மூக்கு வாரத்துக்கு ஒரு தடவையாவது நசுங்கும். அதைத் தட்டி நிமிர்த்தித் தட்டி நிமிர்த்தி, எங்கள் தகர வேலைக்காரருக்கு வலது கை மட்டும் இடது கையைப் போல இரண்டு மடங்கு பருத்துவிட்டது. தையல்காரர் அவருக்குச் சட்டை தைக்கும்போது வலது கைக்குத் தனியாக அளவெடுப்பார்.

என் மனைவி ஒன்பது வருடமாகத் தம்பியின் பேருந்தில் கால் வைக்கவில்லை. நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்தால் அவன் வண்டியை நிறுத்திக் கெஞ்சுவான்.

“ஏறுக்கா. வெயில்ல எதுக்கு நடக்குற?”

“ஒன்கூடப் பொறந்தது போதாதாடா? ஒன்கூடப் போயும் சேரணுமா?”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிடுவாள்.

ஒரு நாள் காலையில் பணிமனை வாசல் தூணைப் புயல் இடித்தான். முன்பு இரண்டு தடவை இடித்த அதே தூண். மேலாளர் அன்றைக்குத்தான் அதற்குப் புதுச் சாயம் அடித்திருந்தார். வண்டியின் மூக்கில் அந்த மஞ்சள் சாயம் காய்வதற்குள் அவர் வந்து நின்றார். கத்தவில்லை. அவர் கத்தாத நாள்தான் எங்களுக்குப் பயம்.

“முப்பது நாள் தர்றேன். இந்த வண்டில ஒரு கீறல், ஒரே ஒரு கீறல் புதுசா விழுந்தாலும் ஸ்டியரிங்க மறந்துடு. கழுவுற கொட்டகைல குழாயப் பிடிச்சிக்கிட்டு நிக்க வேண்டியதுதான், ரிட்டயர் ஆகுற வரைக்கும்.”

அன்று சாயங்காலம் புயல் எங்கள் வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்தான். அக்கா வைத்த சாப்பாட்டைத் தொடவில்லை. பக்கத்தில் இருந்த வேறொரு காலித் தட்டை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தான்.

“எனக்கு வேற என்ன மாமா தெரியும்? முப்பது நாள் இடிக்காம ஓட்ட நான் என்ன சாமியாரா?”

“இடிக்காம ஓட்டறதுக்கு சாமியாரா இருக்கணும்னு யாருடா சொன்னது?” என்றாள் அக்கா. ஆனால் அவள் குரலும் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. தம்பியிடமிருந்து தட்டை வாங்கப் போனவள், வாங்காமலே திரும்பினாள்.

மறுநாள் தலைமையகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்தக் கதைக்கு உயிர் அந்தக் கடிதம்தான். அதில் இருந்தது ஒரே வரி: ‘ஓட்டுநர் அனைவருக்கும் முப்பது நாட்களுக்குள் தற்காப்புப் பயிற்சி அளித்து அறிக்கை அனுப்பவும்.’

மேலாளர் இரண்டு தடவை படித்துவிட்டுக் குமாஸ்தாவைப் பார்த்தார்.

“தற்காப்புன்னா?”

“கராத்தே சார். எங்க பொண்ணு ஸ்கூல்ல சொல்லித் தர்றாங்க.”

“டிரைவருக்கு எதுக்குய்யா கராத்தே?”

“ஸ்டாப்புல நிறுத்தாமப் போனா ஜனங்க அடிக்க வர்றாங்கல்ல சார். மேலிடம் வரைக்கும் தெரிஞ்சிருக்கு.”

மேலாளர் ஜன்னல் வழியாகப் புயலைப் பார்த்தார். “தெரிஞ்சிருக்கும்” என்றார்.

கடிதம் வந்த இரண்டாம் நாளே கராத்தே மாஸ்டர் வந்துவிட்டாள். வயது இருபத்தாறு இருக்கும். உயரம், பேருந்துச் சக்கரத்தின் பக்கத்தில் நின்றால் சக்கரம் குனிந்து பார்க்கும். பேருந்துப் பணிமனைக்குப் பாடம் நடத்த நடந்தே வந்தாள். கேட்டால், “பஸ்ல ஏறினா எனக்கு வாந்தி வந்துடும்ண்ணா” என்றாள். இருபத்திரண்டு ஓட்டுநர்களும் அதைத் தங்களுக்குச் செய்த அவமரியாதையாக எடுத்துக்கொண்டார்கள்.

கழுவும் கொட்டகையில்தான் வகுப்பு. வெள்ளைச் சீருடை எல்லோருக்கும் பொருந்தவில்லை. பன்னிரண்டாம் எண் வண்டிக்காரருக்கு மட்டும் மெத்தை உறையைப் பிரித்துத் தைத்தோம். அதற்கும் இடுப்புப் பட்டை எட்டவில்லை.

“யாராவது வந்து என்னை அடிங்க” என்றாள் மாஸ்டர்.

யாரும் அசையவில்லை. சின்னப் பெண்ணைப் போய் அடிப்பதா என்று ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். புயல் மட்டும், இந்தக் கூத்து சீக்கிரம் முடிந்தால் போதும் என்று நினைத்தவனாகக் கையை ஓங்கிக்கொண்டு நேராக ஓடினான். அவன் போய்ச் சேர்ந்த இடத்தில் மாஸ்டர் இல்லை. அடுக்கி வைத்திருந்த பழைய டயர்கள் இருந்தன. அதில் மோதி, மேல் டயர் கழன்று, மாலை விழுவதுபோல அவன் கழுத்தில் விழுந்தது.

“டேய், இங்கயும் இடிச்சிட்டியாடா!” என்று பின்னாலிருந்து ஒருத்தர் சொன்னார். கொட்டகையே சிரித்தது.

மாஸ்டர் சிரிக்கவில்லை. டயரைக் கழற்றிவிட்டு, “ஏண்ணா இவ்வளவு கிட்ட வர்றீங்க?” என்றாள்.

“கிட்ட வந்தாத்தானம்மா அடிக்க முடியும்?”

“கிட்ட வந்துட்டா நான் என்ன செய்யப்போறேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? எதிராளியோட கை எட்டாத தூரத்துல நில்லுங்க. அங்க நின்னாத்தான் பார்க்க நேரம் இருக்கும். நேரம் இருந்தா அடி விழாது.”

அந்தத் தூரத்தை ஓடும்போது எப்படி அளப்பது என்றும் காட்டினாள். கொட்டகையைச் சுற்றி ஒருவர் பின்னால் ஒருவரை ஓடவிட்டாள். முன்னால் போகிறவர் ஒரு தூணைத் தாண்டியதும் ‘ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு, ஆயிரத்து மூணு’ என்று எண்ணி முடித்த பிறகுதான் பின்னால் வருகிறவர் அந்தத் தூணைத் தாண்டலாம். தரை ஈரமாக இருந்தால் ஆறுவரை எண்ண வேண்டும். கழுவும் கொட்டகையில் தரை எப்போதும் ஈரம்தான். பன்னிரண்டாம் எண் வண்டிக்காரர் ஆறு எண்ணுவதை மூச்சு வாங்க ஒரு சாக்காக வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை புயல் வண்டியை எடுத்தான். முன்னால் வழக்கமான பேருந்து. வழக்கமான பத்திரிகை. ஒட்டிப் போகிற நேரத்தில் அவன் கால் தானாக ஆக்ஸிலரேட்டரை விட்டது. இடைவெளி விழுந்தது. முன்னால் போன பேருந்து ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்ட, இவன் வாய் முணுமுணுக்கத் தொடங்கியது.

நடத்துநர் பயந்துபோய் ஓடிவந்தார். “அண்ணே, ஒடம்புக்கு முடியலையா? என்னமோ பேசுறீங்க!”

“எண்ணிக்கிட்டு இருக்கேன்யா. ரெண்டுலயே கம்பம் வந்துடுச்சு. இன்னும் கொஞ்சம் தள்ளணும்.”

கடைசி இருக்கைக்காரர் பத்திரிகைக்கு மேலாகத் தலையை நீட்டி, தூரத்தில் வரும் ஏழாம் எண்ணைப் பார்த்தார். தன் மேல் என்ன கோபமோ என்று நினைத்து, விளையாட்டுப் பக்கத்தை இரண்டு கையாலும் விரித்து ஆட்டினாராம். புயல் கையசைத்தான். படிக்கவில்லை.

அன்று அவன் வந்தபோது வண்டியும் நிழலும் ஒன்றாகவே உள்ளே நுழைந்தன. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

மாஸ்டர் தினம் ஒன்று சொல்வாள். எதிராளியின் கையைப் பார்க்காதே, அது ஏமாற்றும். காலைப் பார், கால் பொய் சொல்லாது. எங்கள் ஓட்டுநர்கள் சாலையில் போய் மற்ற வண்டிகளின் சைகை விளக்கை நம்புவதை விட்டுவிட்டு, முன்சக்கரம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க ஆரம்பித்தார்கள். விலகுவதற்கு ஒரு பக்கம் எப்போதும் காலியாக இருக்கட்டும் என்பாள். இவர்கள் இரண்டு லாரிகளுக்கு நடுவே போய் மாட்டிக்கொள்வதை விட்டார்கள். அவளுக்கு இதெல்லாம் தெரியாது. பன்னிரண்டாம் எண் வண்டிக்காரர் ஒரு நாள் கேட்டுவிட்டார்.

“மாஸ்டரம்மா, நீங்க வண்டி ஓட்டிருக்கீங்களா?”

“எனக்கு சைக்கிளே வராதுண்ணா.”

“பின்ன எப்படி இவ்வளவு கரெக்டா சொல்றீங்க?”

“நான் வண்டியப் பத்தி எங்கண்ணா சொன்னேன்?”

சண்டைக்கு முன்பும் பின்பும் எதிராளிக்குத் தலை வணங்க வேண்டும் என்றும் அவள் சொல்லியிருந்தாள். அதுதான் வினையாகப் போயிற்று. சந்திப்பில் எதிர் வண்டியைப் பார்த்தால் எங்கள் ஓட்டுநர்கள் நிறுத்தி, வணங்கி, வழிவிட்டார்கள். வழி கிடைத்தவர்களும் மரியாதைக்குத் திருப்பி வணங்கி, “நீங்க மொதல்ல” என்றார்கள். ஒரு நாள் நாற்சந்தியில் நான்கு பக்கமும் எங்கள் பேருந்துகளே வந்துவிட்டன. காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்த ‘நீங்க போங்க’, ‘அய்யோ நீங்க போங்க’ மாலை நான்கு மணிவரை ஓயவில்லை. அதற்குள் வடக்கே பார்த்து நின்ற வண்டியில் இருந்த ஒரு பெண்ணுக்கும் கிழக்கே பார்த்து நின்ற வண்டியில் இருந்த ஒரு பையனுக்கும் ஜன்னல் வழியாகவே பேசிக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. கடைசியில் மேலாளர் போய், யார் முதலில் போவது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார். அதன்பிறகு வணக்கத்தை ஓடுகிற வண்டியிலிருந்தே போட்டால் போதும் என்று மாஸ்டர் சட்டத்தைத் தளர்த்தினாள்.

பத்தொன்பதாம் நாள்தான் புயலுக்கு உண்மையான சோதனை. ஒரு சிவப்புக் கார் பின்னாலிருந்து சீறி வந்து, அவன் மூக்குக்குக் குறுக்கே புகுந்து, போகிற போக்கில் கையை வேறு ஆட்டிவிட்டுப் போனது. பழைய புயலாக இருந்தால் அந்தக் காரை அடுத்த ஊர்வரை விரட்டிப்போய், பயணிகளை அங்கேயே இறக்கிவிட்டு வந்திருப்பான். நடத்துநர் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். புயலின் கை ஹாரன் வரை போனது. அங்கேயே நின்றது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டான். அந்த மூச்சில் முன்கண்ணாடி உள்பக்கமாகப் பனி படர்ந்து, நடத்துநர் துண்டால் துடைக்க வேண்டியதாயிற்று.

“விடுங்கண்ணே, திமிரு பிடிச்சவன்.”

“அவனுக்கு என்ன அவசரமோ. அவன் எனக்கு முன்னால போனா நான் அவனைப் பார்த்துக்கிட்டே வரலாம். பின்னால இருந்தாத்தான்யா கவலை” என்று சொல்லிவிட்டு, காருக்கும் தனக்கும் நடுவே மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினான்.

இருபத்தொன்பது நாள் ஓடியது. ஏழாம் எண் வண்டியில் ஒரு கீறல் இல்லை. தகர வேலைக்காரர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்து, வலது கை இளைத்துக்கொண்டே வருகிறது, சட்டையைத் திருத்த வேண்டும் என்று குறைப்பட்டுக்கொண்டார். புயல் மட்டும் தூங்கவில்லை. இன்னும் ஒரு நாள் இருக்கிறதே, ஒரு கீறல் போதுமே.

முப்பதாம் நாள் காலையில் என் மனைவி வெளியே கிளம்பினாள். பையைத் தோளில் மாட்டினாள். நிறுத்தத்தில் ஏழாம் எண் வந்து நின்றது. மெதுவாக வந்து, ஒரு குலுக்கலும் இல்லாமல் நின்றது. அவள் மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏறட்டுமாடா?”

புயல் அவள் பக்கம் திரும்பினான். தலையை ஆட்டினான்.

“திரும்பிப் பார்க்காத. ரோட்டைப் பாரு” என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். உள்ளே முன் இருக்கையில், பல வருடம் கழித்துப் பேருந்தில் ஏறிய மாஸ்டர், மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். “மாஸ்டரம்மா, கண்ணைத் தொறந்து தூரத்துல பாருங்க, வாந்தி வராது” என்றான் புயல். திறந்து பார்த்தாள். வரவில்லை.

இனி நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் நடந்தது ஒன்றுமே இல்லை. பணிமனைக்கு எதிரே சாலையோரம் ஒரு ரொட்டி வண்டி நின்றிருந்தது. ஏழாம் எண் அந்தப் பக்கமாக வந்தது. ரொட்டி வண்டிக்கு இன்னும் ஐம்பது அடி இருக்கும்போதே புயல் பிரேக்கின் மேல் காலை வைத்தான். முப்பது அடியில் வண்டி பூனை உட்காருவதுபோல நின்றுவிட்டது. காலிச் சாலை. யாரும் இல்லை. பயணிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த நொடி ரொட்டி வண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் காகிதம் பறந்து சாலைக்கு வந்தது. காகிதத்தைத் துரத்திக்கொண்டு, குனிந்தபடி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு மேலாளர் ஓடிவந்தார். அவர் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. அவருக்கும் பேருந்துக்கும் நடுவே இருந்த இடத்தில் ஒரு கட்டிலைப் போட்டு, ஒருவர் தாராளமாகப் புரண்டு படுக்கலாம். காகிதத்தைப் பிடித்து நிமிர்ந்தவர் எதிரே பேருந்து நிற்பதைக் கண்டார். முகம் சிவந்தது.

“நடுரோட்டுல எதுக்குய்யா நிறுத்தி வெச்சிருக்க? இது என்ன ஸ்டாப்பா?”

புயல் இறங்கினான். “உங்களுக்காகத்தான் சார் நிறுத்தினேன்.”

“நான் எங்கய்யா இருந்தேன்? வண்டிக்குப் பின்னால இருந்தேன். நான் இருந்தது உனக்கு எப்படித் தெரியும்?”

“ரொட்டி வண்டிக்கு அடியில உங்க ஷூ தெரிஞ்சுது சார். யாரோ நிக்கிறாங்கன்னு காலை பிரேக்குக்குக் கொண்டு போனேன். அப்புறம் வலது ஷூவோட குதிகால் தூக்குச்சு. குதிகால் தூக்கினவன் அடுத்த நொடி பாய்வான்னு மாஸ்டரம்மா சொல்லிருக்காங்க.”

மேலாளர் ரொட்டி வண்டியைப் பார்த்தார். பேருந்தைப் பார்த்தார். நடுவே இருந்த வெற்றுத் தார்ச்சாலையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பேருந்தின் படிக்கட்டில் மெதுவாக உட்கார்ந்தார். என் மனைவி தன் பையிலிருந்து தண்ணீர்ப் புட்டியை எடுத்துக் கொடுத்தாள். அவர் மூடியைத் திறக்காமலே வாயில் கவிழ்த்தார். அவளே திறந்து கொடுத்தாள்.

“என்ன பேப்பர் சார் அது?” என்று மாஸ்டர் கேட்டாள்.

அவர் நீட்டினார். தலைமையகத்திலிருந்து வந்த புதுக் கடிதம். ‘முந்தைய கடிதத்தில் தட்டச்சுப் பிழை. தற்காப்புப் பயிற்சி என்பதைத் தற்காப்பு முறையில் வண்டி ஓட்டும் பயிற்சி என்று திருத்தி வாசிக்கவும்.’

மாஸ்டர் இரண்டு தடவை படித்தாள். முகம் சுருங்கிப்போனது. “அப்ப நான் சொல்லிக் குடுத்தது தப்பா சார்?”

மேலாளர் தன் இரண்டு காலையும் நீட்டி, இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டார். “இல்லம்மா. அவங்க கேட்டதைத்தான் சொல்லிக் குடுத்திருக்க” என்றார். பிறகு எழுந்து, ஏழாம் எண்ணின் மூக்கைக் கையால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவிப் பார்த்தார். புயல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு கீறல் இல்லை.

“வண்டிய எடுய்யா. ஜனங்களுக்கு நேரமாவுது. ஆனா அவசரப்படாத” என்றார்.

புயல் ஏறி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தான். இரண்டு கண்ணாடியையும் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தான். பின்னால் வந்த பதினேழு வண்டிகளும், ஒன்றுக்கொன்று மூன்று எண்ணும் தூரம் விட்டு, ஒரு ஹாரன்கூட அடிக்காமல் காத்திருந்தன. “போடா, ரோடு காலியா இருக்கு” என்றாள் அக்கா, முதுகைச் சாய்த்து நன்றாக உட்கார்ந்துகொண்டு.

மேலாளர் தலைமையகத்துக்கு ‘பயிற்சி நிறைவுற்றது, தொடரும்’ என்று எழுதிப்போட்டார். மாஸ்டர் இப்போதும் வருகிறாள், பேருந்தில்தான். ஊர் மருத்துவமனையில் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் அறையில் ஆள் வராததால், அங்கே தட்டச்சு வகுப்பு நடக்கிறது. புயல் இன்றும் ஏழாம் எண்ணைத்தான் ஓட்டுகிறான். அவன் வண்டியில் ஏறுகிற கர்ப்பிணிப் பெண்கள்கூட வீடு வரும்வரை நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார்கள்.

கதையைக் கேட்ட பலர், என் மைத்துனனை நேரில் பார்த்துக் கைகுலுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். அவர்களுக்காக ஒரு தகவல்: என் மனைவி அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளை.